வேலையில்லாமல் வேலை செய்த நான்கு வருடங்கள்

போன மாதம் வரைக்கும் நான் வேலை செய்த மீன் ஆலையின் வாசலில் ஒரு பெட்டி இருக்கிறது. காலையில் அதற்கு முன்னால் போய் நின்று முகத்தைக் காட்ட வேண்டும். முகத்தைப் பார்த்து ஆளை அடையாளம் கண்டால் பச்சை விளக்கைப் போட்டு ஒரு சின்னச் சத்தம் எழுப்பும். அந்தச் சத்தம் வந்தால்தான் நாங்கள் வேலைக்கு வந்தவர்கள். ஹலிஃபக்ஸ் குளிருக்குப் போட்ட கம்பளித் தொப்பி, கழுத்துச் சால்வை எல்லாவற்றையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன். மூக்குச் சிவந்து கண்ணில் நீர் வழிகிற என் முகத்தை அது இலேசில் நம்பாது. இரண்டாம் முறையும் சிவப்பு, மூன்றாம் முறையும் சிவப்பு. பின்னால் வரிசை நீளும். "சிரி, சிரித்தால் பிடிக்கும்" என்று யாராவது சொல்வார்கள். வேலைக்குச் சேர்ந்த நாளில் படம் எடுத்தபோது நான் சிரித்துக்கொண்டு நின்றேனாம். அதனால் விடியற்காலை ஆறு மணிக்கு, நித்திரைக் கலக்கத்தில், ஒரு பெட்டியைப் பார்த்துச் சிரிப்பேன். பச்சை விழும். உள்ளே போய் நண்டின் காலை உடைக்கத் தொடங்குவேன்.

திருகோணமலையில் நான் வேலை செய்த அரச அலுவலகத்தில் இந்தப் பெட்டியின் இடத்தில் வரவு இடாப்பு இருந்தது. அலுவலகத்தின் பெயர் வேண்டாம். கனத்த மட்டை போட்ட நீளப் புத்தகம் அது. வருகிற ஒழுங்கில் பெயரையும் நேரத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எட்டரை தாண்டிச் சில நிமிடங்களில் பெரிய கிளார்க் ஐயா அடிமட்டத்தை வைத்துச் சிவப்புப் பேனையால் குறுக்கே ஒரு கோடு கீறுவார். கோட்டுக்கு மேலே கையெழுத்துப் போட்டவர்கள் நேரத்துக்கு வந்தவர்கள், கீழே போட்டவர்கள் பிந்தியவர்கள். அன்றைக்கு விடுமுறையில் நிற்பவர்களின் பெயர்களை எல்லாவற்றுக்கும் அடியில் எழுதிவிடுவார்கள். அந்தக் கோட்டுக்குப் பயந்து நான் உவர்மலை ஏற்றத்தில் எத்தனை நாள் ஓடியிருக்கிறேன் என்று கணக்கில்லை. கனடாவுக்கு வந்து மூன்று வருடமாகியும் அந்த இடாப்பின் அடியில் என் பெயர் ஒவ்வொரு நாளும் விழுந்துகொண்டுதான் இருந்தது. சம்பளமற்ற விடுமுறை. எழுதுகிறவள் என் சிநேகிதி வசந்தி. "உன்ர பேரை எழுதி எழுதியே என்ர கையெழுத்து வடிவாப் போச்சுதடி" என்று வட்ஸ்அப்பில் அனுப்புவாள்.

அந்த இடாப்பில் பெயர் ஏறுவதற்காக நான் செய்த ஒரு வேலையைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். ஊரில் இருக்கிறவர்களுக்கு இது புதினமாக இராது. இங்கே இருக்கிறவர்களில் சிலரும் வாசித்துவிட்டுச் சத்தம் போடாமல் இருப்பார்கள். எனக்குத் தெரியும்.

அப்பா ஒரு திணைக்களத்தில் பியோனாக இருந்தவர். முப்பத்திரண்டு வருடம் கோப்புத் தூக்கினார். கதிரையில் இருந்த பட்டதாரிகளுக்குப் பக்கத்தில் நின்று, அவர்கள் கையெழுத்துப் போட்டு முடியும் வரைக்கும் காத்திருந்து, கோப்பை எடுத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போவார். வீட்டுக்கு வந்தால் முழங்காலுக்கு எண்ணெய் தடவுவார். எனக்கு அவர் கேட்ட ஒரே ஒரு விஷயம், "பிள்ளை, நீ ஒரு நாளைக்கு அரசாங்கக் கதிரையில இருக்கோணும்" என்பதுதான். சம்பளம் எவ்வளவு, வேலை என்ன என்று ஒரு நாளும் அவர் கதைத்ததில்லை.

இந்து நாகரிகத்தில் சிறப்புப் பட்டம் எடுத்துக்கொண்டு நான் ஊருக்கு வந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. எங்கள் பக்கத்தில் பட்டதாரிக்கு முதலில் கிடைக்கிற வேலை காத்திருப்பது. அரசாங்கம் எப்போதாவது பட்டதாரிகளை மொத்தமாக எடுக்கும். அது அடுத்த மாதமாகவும் இருக்கலாம், அடுத்த தேர்தலுக்கு முதலாகவும் இருக்கலாம். காத்திருக்கிற நேரத்தில் சும்மா இருக்க எனக்கு ஏலாது. உட்துறைமுக வீதியில் ஜௌபர் நானாவின் கந்தோரில் போய்ச் சேர்ந்தேன். கிண்ணியாவில் இருந்து காலையில் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி வருகிற மனிதர். கப்பலில் வருகிற ஜிப்சத்தையும் உரத்தையும் துறைமுகத்தால் வெளியே எடுத்துக் கொடுக்கிற வேலை அவருக்கு. கப்பல் கடதாசிகளைச் சரிபார்ப்பது, சுங்கப் படிவம் நிரப்புவது, எத்தனை லொறி எவ்வளவு நிறையோடு வெளியே போனது என்று எழுதுவது, கடதாசியில் உள்ள நிறையும் லொறியில் போன நிறையும் ஏன் பொருந்தவில்லை என்று கண்டுபிடிப்பது. எல்லாவற்றையும் ஜௌபர் நானா எனக்குக் காட்டித் தந்தார். அவர் எட்டாம் வகுப்பு. கடதாசியைக் கையில் எடுத்த உடனேயே பிழை எங்கே இருக்கிறது என்று அவருக்கு வாசம் அடிக்கும். ஒரு வருடத்தில் எனக்கும் அடிக்கத் தொடங்கியது. படித்தது போதாது என்றும், படித்ததால்தான் இவ்வளவு விரைவாகப் பிடிபடுகிறது என்றும் ஒரே நேரத்தில் தோன்றிய காலம் அது. பின்னேரம் வீட்டுக்குப் போனால் தலைமயிரில் ஜிப்சத் தூள் இருக்கும். மனதுக்குள் பெரிய சந்தோஷமாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

ஆறு மாதம் முடிய ஜௌபர் நானா என்னைக் கூப்பிட்டார். "தங்கச்சி, இந்த மாசத்தில இருந்து உங்கட பேரையும் ஈ.பி.எப்.ல போடப் போறன்" என்றார். வேலை செய்கிறவருக்கு முதலாளி கட்டுகிற சேமலாப நிதி. வேறு யாராவது என்றால் நன்றி சொல்லியிருப்பார்கள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

"ஐயோ நானா, வேண்டாம். தயவுசெய்து போடாதேங்கோ."

"என்ன கதை இது? ஈ.பி.எப். கட்டாட்டி எங்கட பொடியனுகள் சண்டைக்கு வருவானுகள். நீங்க கட்ட வேணாம் எண்டு அழுறீங்க."

"பேர் ஏறினா நான் வேலையில்லாப் பட்டதாரி இல்லையெண்டு போயிடும் நானா. பிறகு அரசாங்க வேலைக்கு எடுக்க மாட்டினம்."

"அப்ப இப்ப நீங்க என்ன?"

"வேலையில்லாதவள்."

அவர் கதிரையில் சாய்ந்து என்னை நன்றாகப் பார்த்தார். "அப்ப காலையில எட்டு மணில இருந்து அஞ்சு மணி மட்டும் என்ட கந்தோர்ல நிக்கிறது ஆரு?" என்று கேட்டார். 

கடைசியில் அவர் என் வழிக்கு வந்தார், ஒரு நிபந்தனையோடு. கணக்கு எழுதுகிற ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி வந்து கோடு கீறித் தந்தார். மற்றவர்களின் இடாப்பில் என் பெயர் வேண்டாம், ஆனால் இந்தக் கொப்பியில் நான் ஒவ்வொரு நாளும் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். "இது ஒருத்தனுக்கும் காட்டுறதுக்கு இல்ல. நீங்க செஞ்ச வேல என்ட கையில அமானிதமா இரிக்கி. நாளைக்கி ஒரு காலத்தில கேட்டா எனக்குக் குடுக்க ஏலுமா இரிக்கோணும்" என்றார். நம்பிக்கையாக ஒப்படைத்த பொருளைப் பற்றிக் கதைக்கிற மாதிரித்தான் என் உழைப்பைப் பற்றிக் கதைத்தார். அப்போது எனக்கு அது அவ்வளவாக உறைக்கவில்லை.

தொழில் திணைக்களத்தால் பரிசோதிக்க வருகிற நாட்களில் நான் குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து முன்பக்க மேசையில் விசாரிக்க வந்த ஆளாக நிற்பேன். "உரம் எப்ப வரும் ஐயா?" என்று என் சொந்தக் கந்தோரில் நானே கேட்பேன். ஜௌபர் நானா முகத்தை இறுக்கிக்கொண்டு "அடுத்த கிழம வாங்க பிள்ள" என்பார். ஓ.எல். பரீட்சைகூடத் தாண்டாத கிரேன் ஓட்டுநர் ஒருவர் இதைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து மூச்சுத் திணறியிருக்கிறார். அவருக்கு என்னைப் போல இரண்டு மடங்கு சம்பளம். ஈ.பி.எப். உண்டு, நியமனக் கடிதம் உண்டு. அந்தக் கந்தோரில் ஒளிக்க வேண்டியிருந்த ஒரே ஆள் படித்தவள்தான்.

நான்காவது வருடம் விண்ணப்பம் கோரினார்கள். எங்கள் முறை வந்தபோது, இதுவரை எந்த வேலையும் செய்யவில்லை என்று ஒரு சத்தியக் கடதாசியும் கேட்டார்கள். மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில், அதை அத்தாட்சிப்படுத்துகிற சமாதான நீதவானின் வீட்டுக்கு ஓடினேன். இளைப்பாறிய ஆசிரியர் அவர், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஆறுதலாக வாசித்தார். எனக்கோ ஒன்றரைக்கு ஒரு கப்பலின் கடதாசி வர இருந்தது. நான் மணிக்கூட்டைப் பார்ப்பதை அவர் கண்டுவிட்டார்.

"பிள்ளை வேலை ஒண்டும் செய்யேல்லைத்தானே?"

"இல்லை சேர்."

"வேலையில்லாத பிள்ளைக்கு ஏன் இவ்வளவு அவசரம்?" என்று கேட்டுக்கொண்டே முத்திரையைக் குத்தினார். தெரிந்துதான் கேட்டாரோ தெரியாமல் கேட்டாரோ, நான் இன்றைக்கும் அதை யோசிப்பதுண்டு. ஜௌபர் நானாவின் பேனையால்தான் அதில் கையெழுத்துப் போட்டேன். ஒன்றரைக்கு முதல் கந்தோருக்கு வந்து சேர்ந்துவிட்டேன்.

வேலை கிடைத்தது. அபிவிருத்தி உத்தியோகத்தர். அப்பா நியமனக் கடிதத்தைச் சாமிப்படத்துக்கு முன்னால் மூன்று நாள் வைத்திருந்தார். முதல் நாள் அலுவலகத்துக்குப் போனால் எங்கள் பிரிவில் பதினாறு பேர், கதிரை ஒன்பது. முதலில் வருகிறவர்களுக்குக் கதிரை, மற்றவர்கள் யன்னல் விளிம்பில் சாய்ந்து நிற்க வேண்டும். சிவப்புக் கோட்டுக்கு முதல் வருவது இடாப்புக்காக மட்டும் இல்லை, கதிரைக்காகவும்தான். சிலர் முதல் நாளே கதிரையில் கைக்குட்டையைக் கட்டிவிட்டுப் போவார்கள். நாங்கள் பெயர்ப் பட்டியல் எழுதினோம். எழுதிய பட்டியலை வேறு படிவத்தில் திரும்ப எழுதினோம். யாரையும் குறை சொல்லவில்லை, என்னோடு நின்றவர்களில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள் இருந்தார்கள். கொடுக்க வேலை இருக்கவில்லை, அவ்வளவுதான். பின்னேரம் அப்பா, "எப்பிடிப் பிள்ளை, கதிரை வசதியோ?" என்று கேட்பார். "ஓம் அப்பா, நல்ல வசதி" என்பேன். இரண்டு வருடத்தில் அப்பா போய்ச் சேர்ந்தார். மகள் அரசாங்க யன்னலில் சாய்ந்து நிற்கிறாள் என்று கடைசி வரைக்கும் அவருக்குத் தெரியாது. 

கல்யாணமும் அந்த நியமனக் கடிதத்தோடுதான் வந்தது. குகன் சல்லிக் கிராமத்தில் கடற்தொழில் குடும்பம், ஓ.எல். வரைக்கும் படித்தவர், கனடாவில் பெரிய லொறி ஓட்டுகிறார். படிப்பு என் பக்கம், உழைப்பு அவர் பக்கம் என்று பேசிச் செய்தார்கள். நல்ல மனிதர், அதை முதலில் சொல்லிவிட வேண்டும். விசா வந்தபோது ஊர் முழுக்க ஒரே குரலில் சொன்னது, "அரசாங்க வேலையை மட்டும் விட்டிட்டுப் போகாதை." வெளிநாடு போகிற உத்தியோகத்தர்களுக்குச் சம்பளமற்ற விடுமுறை கொடுத்துக்கொண்டிருந்த காலம். மூன்று வருடம் எடுத்தேன். வேலையையும் கொண்டுபோகவில்லை, விட்டுவிட்டும் போகவில்லை.

இங்கே வந்து பட்டத்தை மதிப்பிடக் கொடுத்தேன். கனடாப் பட்டத்துக்குச் சமம் என்று அழகான கடதாசியில் எழுதித் தந்தார்கள். அந்தக் கடதாசியோடு போன முதல் இடத்தில், இந்து நாகரிகம் என்றதைப் பார்த்துவிட்டு ஒரு பொடியன் மரியாதையாகக் கேட்டான், "அப்படியானால் நீங்கள் மதகுருவா?" இல்லை என்றேன். அவனுக்கு அடுத்த கேள்வி இருக்கவில்லை. பிறகு மீன் ஆலை. என் வலப்பக்கம் நின்ற பிலிப்பைன்ஸ்காரி பத்து வருடம் தாதியாக இருந்தவள். இடப்பக்கம் நின்ற உக்ரேன்காரர் பாலம் கட்டுகிற பொறியியலாளர். மூன்று பட்டங்கள் சேர்ந்து ஒரு பெட்டி நண்டை உடைத்தோம். தேநீர் நேரத்தில் யாரும் யாரிடமும் படிப்பைப் பற்றிக் கேட்பதில்லை. நோய்க்காரரின் வீட்டில் நோயைப் பற்றிக் கதைக்காமல் இருப்பார்களே, அப்படி.

மூன்றாம் வருடம் முடிகிற நேரத்தில் இரண்டு விஷயங்கள் ஒரே கிழமையில் வந்தன. ஒன்று அலுவலகக் கடிதத்தின் படம். வசந்தி அனுப்பியிருந்தாள். ஆவணி மாத முடிவோடு விடுமுறை முடிகிறது, கடமைக்குத் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் பதவியை விட்டுச் சென்றதாகக் கருதப்படும். மற்றது, இங்கே துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு சின்னக் கப்பற்சரக்குக் கொம்பனியில் கடதாசி வேலைக்கு ஆள் தேவை என்ற அறிவித்தல். துறை சார்ந்த டிப்ளோமா, அல்லது எழுத்து மூல ஆதாரத்தோடு இரண்டு வருட அனுபவம். வாசித்தபோது என் தலைமயிரில் ஜிப்சத் தூள் விழுந்த மாதிரி இருந்தது.

நேர்முகத்துக்கு அழைத்தார்கள். டொனா என்கிற அறுபது வயதுப் பெண்தான் அங்கே மேலாளர். அரச உத்தியோகத்தின் கடதாசிகளை அடுக்கி வைத்தேன். நியமனக் கடிதம், உறுதிப்படுத்தல் கடிதம், சம்பள உயர்வுக் கடிதங்கள், திருப்தியான சேவை என்று ஒரு சான்றிதழ். "இவ்வளவு ஒழுங்காக யாரும் கொண்டு வந்ததில்லை. அங்கே என்ன வேலை செய்தீர்கள்?" என்று டொனா கேட்டார். பெயர்ப் பட்டியல் எழுதினேன் என்றேன். மேலே ஏதும் வருமென்று காத்திருந்தார். வரவில்லை. பிறகு அவருடைய விரல் பட்டத்துக்கும் நியமனத்துக்கும் நடுவில் இருந்த நான்கு வருட வெறும் இடத்தில் நின்றது. குரலைத் தணித்துக்கொண்டு, "பிள்ளைகளைப் பார்த்தீர்களா? உடம்புக்கு ஏதும் இருந்ததா? விருப்பமில்லாவிட்டால் சொல்ல வேண்டாம்" என்றார்.

"வேலை செய்தேன். இதே வேலை."

"அப்படியென்றால் ஏன் எழுதவில்லை?"

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். ஈ.பி.எப்., வேலையில்லாப் பட்டதாரி, குடை. டொனாவின் முகம் மாறிக்கொண்டே போனது. "அந்த முதலாளி உங்களை ஏமாற்றியிருக்கிறார்" என்றார். இல்லை, நான்தான் பதிய வேண்டாம் என்று கெஞ்சினேன் என்றேன். அடிக்கிற புருஷனுக்காகப் பரிந்து பேசுகிற பெண்ணைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார். ஜௌபர் நானாவை ஒரு நல்ல மனிதனாக அந்த அறைக்குள் கொண்டுவர எனக்கு ஏலவில்லை. கோபமாக இருந்தது, டொனாவிலா என்னிலா என்று தெரியவில்லை. கடைசியில் அவர் ஒரே சரக்கின் இரண்டு கடதாசிகளை என் பக்கம் தள்ளி, நிறை ஏன் பொருந்தவில்லை என்று பார்க்கச் சொன்னார். ஒன்றில் சரக்கு அடுக்கிய மரத் தட்டுகளின் நிறையும் சேர்ந்திருந்தது, மற்றதில் சேரவில்லை. அரை நிமிடத்தில் சொன்னேன். டொனா கண்ணாடியைக் கழற்றினார். "எனக்கு நீங்கள் வேண்டும். ஆனால் கொம்பனி விதி. அந்த மனிதரிடம் இருந்து ஒரு கடிதம். ஒன்றே ஒன்று போதும்" என்றார்.

ஜௌபர் நானாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். இப்போது கந்தோரை மகன் பார்க்கிறார். ஆனாலும் பின்னேரத் தொழுகை முடிய வந்து கொஞ்ச நேரம் இருப்பாராம். சுகம் விசாரித்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். "கொப்பி நாலும் அலுமாரிக்குள்ள பத்திரமா இரிக்கி தங்கச்சி. எலி தின்னல்ல" என்றார் முதலில். பிறகுதான் கடிதத்துக்கு வந்தார்.

"லெட்டர் நாளைக்கே தாறன். எனக்கும் கேள்வி வரும், ஈ.பி.எப். கட்டாம ஆள வெச்சிருந்தண்டு. வரட்டும், பதில் சொல்றன். ஆனா ஒண்டு. நாலு வருஷம் வேல செஞ்சீங்கண்டு இந்த லெட்டர் சொல்லும். ஒண்டும் செய்யல்லண்டு அங்க உங்கட சத்தியக் கடதாசி சொல்லும். ரெண்டும் ஒரே ஆள்ற பேர்ல இரிக்க ஏலா. எது உங்கடயண்டு நீங்கதான் சொல்லணும்."

யாரும் இந்த இரண்டு கடதாசிகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். ஹலிஃபக்ஸில் இருக்கிற டொனாவுக்கும் திருகோணமலையில் இருக்கிற கோப்புக்கும் என்ன சம்பந்தம். அவருக்கும் அது தெரியும். ஆனாலும் தன்னைக் காட்டிக்கொடுக்கிற ஒரு கடிதத்தைக் கேட்ட உடனேயே தர ஒத்துக்கொண்ட மனிதரிடம், நான் இரண்டு பக்கமும் கால் வைத்துக்கொண்டு நிற்கிறேன் என்று எப்படிச் சொல்வது. விடுமுறையை நீட்டக் கேட்கலாம் என்றுகூட அதற்கு முதல் நாள் யோசித்திருந்தேன். அந்த யோசனையே வெட்கமாக இருந்தது.

குகன் இதைக் கேட்டவுடன் கோப்பையை மேசையில் வைத்துவிட்டார். சம்மதிப்பார் என்றுதான் நினைத்திருந்தேன். நண்டு உடைத்து என் விரல்கள் வெடித்துக் கிடப்பதைப் பார்த்து அலுத்துக்கொள்கிறவர் அவர்தான்.

"கவுண்மென்ட் வேலையை விடப்போறியோ?"

"இங்க வேலை வருதப்பா. நான் படிச்ச வேலை."

"நீ படிச்சது இந்து நாகரிகம்" என்றார். பிறகு குரல் இறங்கியது. "எனக்கு என்ன இருக்கு சொல்லு. லொறி. எங்கட வீட்டில முதல்முதலா அரசாங்க உத்தியோகம் எண்டு சொல்ல நீதான் வந்தனி. அம்மா சல்லியில இப்பவும் ஆக்களுக்கு அதைத்தான் சொல்லுறா. ஒரு நாளைக்கு நாங்கள் திரும்பிப் போனா, ரெண்டு பேருக்கும் அங்க இருக்கிறது அந்த வேலை ஒண்டுதான்."

என்னைவிட மூன்று மடங்கு உழைக்கிற மனிதர். எங்கள் வீட்டுக்கும் காருக்கும் உழைத்தவர். தன்னிடம் ஒன்றும் இல்லை என்கிறார், கதிரைகூட இல்லாத என் வேலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். எனக்கு அவரோடு சண்டை பிடிக்க மனம் வரவில்லை. அப்பாவின் முகமும் அவருடைய முகமும் அந்த நேரத்தில் ஒன்றாகவே தெரிந்தன. "இனித் திரும்பிப் போவமா?" என்று மட்டும் கேட்டேன். அவர் கோப்பையைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டார், குடிக்கவில்லை.

"படித்து என்னத்தைக் கண்டாய்?" என்று என்னிடம் கேட்கிறவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள், அங்கேயும் இருக்கிறார்கள். லொறி ஓட்டுகிறவன் எவ்வளவு எடுக்கிறான், கிரேன் ஓட்டுகிறவன் எவ்வளவு எடுக்கிறான் என்று விரல் விட்டுக் காட்டுவார்கள். எனக்கு அலுத்துவிட்டது. படிப்பு என்னை ஏமாற்றவில்லை. படித்தவளுக்கு ஒரே ஒரு வாசல்தான் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். அந்த வாசலில் வரிசை குலையக் கூடாது என்பதற்காக, கையில் இருந்த நல்ல வேலையை வேலை இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். ஊரில் இப்போதும் யாரோ ஒரு பட்டதாரி எங்கேயோ ஒரு கடையில் நன்றாக வேலை செய்துகொண்டு, பெயரை மட்டும் போட வேண்டாம் என்று முதலாளியிடம் கெஞ்சிக்கொண்டு நிற்பாள். அவளுக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. கதிரைக்காகக் காத்திருக்கிற அப்பா அவளுக்கும் இருப்பார். ஒரு கொப்பி வாங்கித் தருகிற முதலாளியாவது அவளுக்குக் கிடைக்க வேண்டும்.

பதவி விலகல் கடிதத்தை நான்கு வரியில் எழுதினேன். காரணம் என்ற இடத்தில் சொந்தக் காரணம் என்று போட்டேன். பதிவுத் தபாலில் அனுப்பப் போன இடத்தில் கவுண்டரில் இருந்த பெண் உள்ளே என்ன என்று கேட்டாள். கடிதம் என்றேன். "பெறுமதி?" என்றாள். ஒரு படிவத்தில் அதை நிரப்ப வேண்டுமாம். ஏழு வருடச் சேவை, அதற்கு முதல் நான்கு வருடக் காத்திருப்பு, ஒரு பொய்ச் சத்தியம், அப்பா. நான் யோசித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு அவளே "பெறுமதி இல்லை என்று போடுகிறேன், சரிதானே?" என்றாள். "ஓம்" என்று தமிழில் சொல்லிவிட்டேன். அவள் விளங்கிக்கொண்டு போட்டாள்.

வெளியே வந்து ஜௌபர் நானாவுக்குச் செய்தி அனுப்பினேன். அடுத்த நாள் கடிதம் வந்தது. கூடவே, நான் கேட்காமலே அவர் அனுப்பிய ஒரு படம். சீ.ஆர். கொப்பியின் முதல் பக்கம். நீல மையில் இருபத்தாறு வயதுக்காரியின் வட்டமான கையெழுத்து, வரிசையாக, எட்டு மணி, எட்டு மணி, ஏழு ஐம்பத்தைந்து. டொனாவுக்கு இரண்டையும் அனுப்பினேன். கடிதத்தை அவர் கோப்பில் போட்டார். கொப்பிப் படத்தைத்தான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். "அந்த மனிதரைப் பற்றி நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன்" என்று பிறகு சொன்னார். குகனும் வேலைக்குப் போட்டுப் போக ஒரு நல்ல சப்பாத்து வாங்கி வந்து கதவடியில் வைத்தார். சல்லியில் இருக்கிற மாமிக்கு இன்னும் சொல்லவில்லை.

முதல் நாள் வேலைக்கு இருபத்தைந்து நிமிடம் முந்திப் போனேன். எனக்கு என்று ஒரு மேசை, ஒரு கதிரை. கதிரையில் இருக்காமல் கொஞ்ச நேரம் நின்றேன். வாசலில் பெட்டியும் இல்லை, இடாப்பும் இல்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று டொனாவிடம் கேட்டேன். அவருக்குக் கேள்வி விளங்கவில்லை. திரும்பவும் கேட்டேன்.

"கையெழுத்தா? எதற்கு? நீங்கள் வந்திருக்கிறீர்கள். எனக்குத் தெரிகிறதே."

இங்கே காலை எட்டரை என்றால் ஊரில் பின்னேரம் ஐந்து. இடாப்பை மூடி அலுமாரிக்குள் வைத்திருப்பார்கள். என் கடிதத்துக்கு ஒப்புதல் வரும் வரைக்கும் வசந்தி என் பெயரை அடியில் எழுதிக்கொண்டுதான் இருப்பாள், அன்றைக்கும் எழுதியிருப்பாள். டொனா தன் அறைக்குள் போன பிறகு, வழியில் வாங்கி வந்த ஒரு கொப்பியைப் பையில் இருந்து எடுத்தேன். முதல் பக்கத்தில் என் பெயரை எழுதினேன். மேசையில் கிடந்த சிவப்புப் பேனையை எடுத்து அடிமட்டம் வைத்துக் குறுக்கே ஒரு கோடு கீறினேன். நாற்பது வயதில் முதல் நாள். பேனையை மாற்றிக்கொண்டு, கோட்டுக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.